பதினேழாம் நம்பருக்கு நான் குரல் கொடுத்தேன்

இருபத்தொரு பேர் சைக்கிளில் வேளாங்கண்ணிக்குப் போனோம். திரும்பி வந்தபோது புதுச்சேரியில் எங்கள் கோயில் வாசலில் இருபது சைக்கிள்தான் நின்றது. வராதவன் என் மனைவி ரீட்டாவின் தம்பி பெலிக்ஸ். அவனை வழியில் விட்டவன் நான்.

இந்த அன்பிய ஜெபக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள் என்று ஒரு வருடமாகக் கேட்கிறார்கள். வெட்கத்தில் மறுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழகாகப் பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் தவக்காலம், பயணத்தின் கடைசி நாள், ஒரு சனிக்கிழமை. விடியற்காலையில் சிதம்பரத்தில் கிளம்பினோம். வெயில் ஏற ஏற என் கோபமும் ஏறியது. பெலிக்ஸுக்கு சுகர், ஊசி போடுகிற ஆள். அடிக்கடி ஒதுங்குவான். மொத்தப் பேரும் அவனுக்காக நிற்க வேண்டும். பாரம் குறைந்தாலாவது வேகமாக மிதிப்பான் என்று அவன் பையைப் பிடுங்கி என் கேரியரில் கட்டினேன்.

கடலூரில் சாப்பிட நின்றோம். ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தவனைப் பார்த்து, உன்னால்தான் தாமதம் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். பாதிச் சோற்றில் கை கழுவினான். கடைக்குப் பின்னால் போனான்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும்போது அவரவர் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைசி நம்பர் கேட்ட பிறகுதான் முதல் சைக்கிள் நகரும். நான் பதினாறு. பெலிக்ஸ் பதினேழு. என் நம்பரைச் சொன்னேன். பதினேழு வரவில்லை. மறுபடியும் பத்து நிமிடமா என்று எரிச்சல். நானே குரலை மாற்றி "பதினேழு" என்று கத்தினேன். முன்னால் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கை ஓடிவிட்டது. கிளம்பிவிட்டோம். பின்னாலேயே ஓட்டி வந்து சேரட்டும் என்று நினைத்தேன்.

ஊர் வந்து சேரும்வரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கோயில் வாசலில் ரீட்டா நின்றிருந்தாள். "தம்பி எங்கங்க?" என்றாள். வந்துகொண்டிருக்கிறான் என்றேன். அரை மணி ஆனது. அவள் அவனுக்குப் போன் போட்டாள். என் கேரியரில் மணி அடித்தது.

பையைத் திறந்தேன். போன், குளுக்கோஸ் டப்பா, தண்ணீர் பாட்டில். ஊசி போட்டுவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்தவனுக்கு சுகர் இறங்கி மயக்கம் வந்தால் காப்பாற்றக்கூடிய எல்லாமே என்னிடம் இருந்தது. ரீட்டா என்னைத் திட்டவில்லை. பையையே பார்த்தாள். அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

இரண்டு பேர் பைக்கில் கடலூருக்குப் பறந்தார்கள். நான் யாரிடமும் பைக் கேட்கக்கூட நிற்கவில்லை. அவன் பையை மறுபடியும் கேரியரில் கட்டிக்கொண்டு, கையில் இருந்த சைக்கிளைத் திருப்பினேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம். எதிரே வந்த ஒவ்வொரு சைக்கிளையும் அவன் என்று நினைத்தேன். தவளக்குப்பம் தாண்டும்போது பைக்கில் போனவர்களிடமிருந்து போன் வந்தது. நாங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அவனும் கிளம்பிவிட்டான் என்று சாப்பாட்டுக் கடைக்காரர் சொன்னாராம். வழியிலும் ஆளைக் காணோமாம். லாரிகள் என்னை உரசிக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் அவன் பிணம் கிடப்பதாகத் தோன்றியது.

எனக்கு ஜெபமாலை வாயில் வரவில்லை. கத்தினேன். "மாதாவே, உன் கோயிலுக்குத்தானே வந்துட்டுப் போறோம். நான் அவன விட்டுட்டேன். நீயும் விட்டுடாத."

கிருமாம்பாக்கம் பக்கத்தில் பின் டயர் பஞ்சர். ஆணி. கேட்டதற்கு இதுதான் பதிலா என்று மாதாவையே திட்டினேன். அந்த வாயை இன்றும் நினைத்தால் கூசுகிறது. வேறு வழியில்லாமல் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

நூறடி நடந்திருப்பேன். சாலையோர வாய்க்காலில், புதருக்குள்ளே நீலமாக ஒரு துண்டு தெரிந்தது. எங்கள் சைக்கிள்களில் கட்டியிருந்த மாதா கொடி. மிதித்துக்கொண்டு போயிருந்தால் கண்ணில் பட்டிருக்காது. பைக்கில் போனவர்கள் அதைத் தாண்டித்தான் போயிருந்தார்கள்.

குதித்தேன். பூவரச மரத்தடியில் கிடந்தான். உடம்பு முழுக்க வியர்வை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உளறினான். நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்குகிறானா என்று பார்த்துப் பார்த்துக் குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பாதி அவன் சட்டையில்தான் கொட்டியது. 108-ஐக் கூப்பிட்டேன். வண்டி வருவதற்குள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"மாமா, கட பின்னாடிதான் இருந்தேன். பதினேழுன்னு சொன்னது உங்க கொரலு."

நான் அழுதேன். "போதும் மாமா, ஜனங்க பாக்குது" என்றான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த ஆணியை எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கோபம் வரும்போது அந்த ஆணியைப் பார்ப்பேன்.

இங்கே பயத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தப்பு செய்தவனுக்கு ஜெபிக்க வாய் ஏது என்று இருந்துவிடாதீர்கள். நான் செய்தேன், நான் கத்தினேன், மாதாவுக்குக் கேட்டது. நீங்களும் கேளுங்கள். பதில் பஞ்சராக வந்தால் இறங்கி நடங்கள்.

இந்தத் தவக்காலமும் போய் வந்தோம். பெலிக்ஸும் வந்தான். அவன் பை அவன் தோளில். பதினாறு என்று சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொள்வேன். எவ்வளவு நேரமானாலும் சரி, பதினேழு அவன் வாயிலிருந்து வந்த பிறகுதான் என் கால் பெடலில் ஏறும்.