‘நன்றி’ போட்டால் ஆயிற்றா?

போன திங்கட்கிழமை கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு விளம்பரப் பதாகையைப் பார்த்தேன். அன்று பிடித்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன்... அதற்குள் பத்தி கொடுக்கும் நாள் வந்துவிட்டது. ஆகவே சூட்டோடு படியுங்கள்.

என்னோடு வந்தவள் ஸபீறா. நிந்தவூரில் எனக்குப் பக்கத்து வீடு; அக்கா முறையில் என்னை ‘ராத்தா’ என்பாள். உடுப்புத் தைத்துக் கொடுக்கிறவள். துணி எடுக்கக் கல்முனைக்கு வந்தால் என்னையும் இழுத்துக்கொண்டுதான் வருவாள். சுனாமிக்கு முன் அவளுக்குக் கல்முனைக் கடற்கரையோரம் ஒரு வீடு இருந்தது. ஸ்டூடியோ வைத்திருந்த கணவர் முபாறக் இருந்தார். ஹஸ்னா என்று ஒரு மகள் இருந்தாள். இப்போது தையல் மெஷின் இருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் தலையை நிமிர்த்தினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

பதாகையில் எங்கள் கடற்கரை. மணலில் இழுத்துப் போட்ட தோணி. அதில் சாய்ந்தபடி நனைந்த கவுனோடு ஒரு சின்னப் பிள்ளை சிரிக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் — ‘அமைதி திரும்பிய கரையில் உங்களுக்கும் ஒரு காணி’.

“ராத்தா, இது ஹஸ்னா” என்றாள்.

பக்கத்துக் கடைப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கடைக்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அதை வாங்கிக் கையில் வைத்தபடியே இருந்தாள்.

அந்தப் படத்தை எனக்கும் தெரியும். முபாறக் எடுத்தது. சட்டம் போட்டு மாட்டுவதற்காக இன்னும் சில படங்களோடு ஓர் உறையில் போட்டு, நிந்தவூரில் இருந்த ஸபீறாவின் தங்கை வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். தங்கை வீடு வயல் பக்கம். அதனால் உறை தப்பியது. ஸ்டூடியோ, நெகட்டிவ், கெமரா, அவர், பிள்ளை... எல்லாம் போய்விட்டன. ஹஸ்னாவின் முகம் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு படத்தில் மட்டும்தான்.

அதைக் கொண்டுபோய்க் காணி விற்கிறார்கள். அதுவும் யாருடைய கரையில்? அலைக்குப் பிறகு, ‘கடலோரத்தில் வீடு கட்டக் கூடாது’ என்று சொல்லி ஸபீறாவின் சொந்த வீட்டு வளவிலேயே அவளை அத்திவாரம் போட விடவில்லை. யுத்தம் முடிந்ததும் அதே கரைக்குக் காணி பார்க்க வாகனம் வாகனமாக ஆட்கள் வருகிறார்கள். அவர்களை வரவேற்க அவளுடைய பிள்ளை நிற்கிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

ஸபீறாவைக் கடைக்காரரின் மனைவியிடம் விட்டுவிட்டு அந்தக் காணி விற்கும் கம்பனியின் காரியாலயத்துக்குப் போனேன். கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர், கொழும்புக்காரர், எழுந்து நின்று கதிரை தந்தார். மரியாதையான பிள்ளை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சல்.

“மேடம், நாங்க சட்டப்படிதான் செஞ்சிருக்கோம்” என்று லெப்டொப்பைத் திருப்பிக் காட்டினார்.

அது யாரும் எழுதலாம், யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியம். அதில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம். பக்கத்தின் நடுவே அந்தப் படம். படத்தின் கீழே உரிமம் — யாரும் எடுக்கலாம், பகிரலாம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், படைத்தவர் பெயரைப் போட்டால் போதும்.

“பேரும் போட்டிருக்கோம், பாருங்க.”

பதாகையின் கீழ் மூலையில், எறும்பு அளவில், போட்டிருந்தார்கள்தான். ‘படம்: ஜௌபர்’.

ஜௌபரா?

ஜௌபர் என்னிடம் படித்தவர். பட்டதாரி. ஒரு பாடசாலையில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறார். சுனாமியின் முதலாம் ஆண்டு நிறைவுக்கு ஊர் இளைஞர்கள் ஒரு நினைவு மலர் வெளியிட்டார்களே, அதற்கு ஆசிரியர் அவர்தான். ஸபீறா அந்தப் படத்தை அந்த மலருக்கு மட்டும், அச்சடித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும் என்ற பேச்சில் கொடுத்தாள். திருப்பியும் கொடுத்தார். கொடுக்க முன் ஸ்கேன் பண்ணி வைத்துக்கொண்டார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஸபீறாவை வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே ஜௌபர் வீட்டுக்குப் போனேன். தேநீர் வேண்டாம் என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது. ஆனால் வாய் ஓயவில்லை.

“டீச்சர், நம்மட ஊரப் பத்தி இணையத்துல தேடினா ஒரு வரிதான் கிடந்த. யுத்தம், சுனாமி, மௌத்தானவங்கட கணக்கு. வேற ஒண்டுமில்ல. நம்மட புள்ளயள் நாளைக்கு எதப் படிக்கிற? அதான் மலர்ல இரிந்ததையெல்லாம் டைப் பண்ணிப் போட்டன். கீழ ‘நன்றி: நினைவு மலர்’ எண்டும் போட்டிரிக்கன்.”

நன்றி. எங்கள் ஆட்களுக்கு இந்தச் சொல் ஒரு மாந்திரீகம். பத்திரிகையில் பாருங்கள், ஆண்டு விழா மலரில் பாருங்கள் — எவன் எழுதியதையும் முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு அடியில் ‘நன்றி: இணையம்’. யார் இந்த இணையம்? எந்த ஊர் ஆள்? எப்போது சம்மதம் தந்தார்? இந்தப் பத்திரிகையும் இதைச் செய்கிறது. ஆசிரியர் இந்த வரியை வெட்டினால் வெட்டட்டும்.

ஜௌபர் போட்ட அந்தப் பக்கத்தில் பாதிக் கட்டுரை நான் மலருக்கு எழுதியது. அச்சுப்பிழை உட்பட. அது போகட்டும்.

“நன்றி போட்டீர். சரி. உரிமம் கொடுத்தது யார்? ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று அங்கே கேட்டிருப்பார்களே?”

“ஓம், கேட்டிச்சு. அதுல சரி போடாட்டி மேல போகாது டீச்சர்.”

சரி போடாவிட்டால் மேலே போகாது. எத்தனை சுலபமான பதில். கதவு பூட்டியிருந்தது, அதனால் பூட்டை உடைத்தேன் என்பது போல. அந்தத் தளத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தெளிவாகத்தான் கேட்டிருக்கிறார்கள். இது உன்னுடையதா? இல்லையென்றால் உடையவர் சம்மதம் இருக்கிறதா? யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது — விளங்குகிறதா? எங்கள் பட்டதாரி வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் என்னை முழுதாகக் கொதிக்க வைத்தது.

“நல்ல நிய்யத்துலதான் செஞ்சன், டீச்சர். அறிவக் குடுக்கிறது ஸதகத்துல் ஜாரியா.”

அதாவது, மரணத்துக்குப் பிறகும் நன்மை வந்து சேரும் தர்மம். எண்ணம் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அடுத்த வீட்டு மாட்டை அறுத்து யாராவது குர்பான் கொடுப்பார்களா? அவருடைய கெமராவால் அவர் எடுத்த படத்தை அவர் கொடுக்கட்டும். ஊரின் கதையை அவருடைய சொந்த வசனத்தில் எழுதட்டும். எங்கள் ஊரில் என்ன நடந்தது என்ற தகவலுக்கு எவரும் சொந்தக்காரர் இல்லை. அதை எழுதிய எழுத்துக்கும், எடுத்த படத்துக்கும் ஆள் இருக்கிறது. இந்த வித்தியாசம் அவ்வளவு கஷ்டமா?

வயல் என்றால் எங்கள் ஆட்களுக்கு எல்லாம் தெரியும். மௌத்தானவருக்கு யார் யார் வாரிசு, மனைவிக்கு எவ்வளவு, தாய்க்கு எவ்வளவு என்று மரக்கறி வாங்கிக்கொண்டே சொல்லிவிடுவார்கள். ஒரு வரம்பு ஒரு சாண் தள்ளினால் பள்ளிவாசல் வரை வழக்குப் போகும். ஆனால் முபாறக் எடுத்த படத்துக்கும் அதே வாரிசுகள்தான் உரிமைக்காரர் என்றால் சிரிக்கிறார்கள். படம்தானே என்கிறார்கள்.

ஜௌபரை அங்கேயே உட்கார வைத்து, அந்தத் தளத்தின் உரையாடல் பக்கத்தில் எழுத வைத்தேன். ‘இது என் படம் அல்ல, தவறாகப் பதிந்தேன்.’ அடுத்த நாளே ஒரு தொண்டர் பதில் எழுதினார். எந்த நாட்டில் இருக்கிறாரோ, நல்ல தமிழ். படத்தையும், மலரில் இருந்து வந்த கட்டுரையையும் நீக்கிவிட்டதாகச் சொன்னார். உரிமை இல்லாதவர் கொடுத்த உரிமம் செல்லாது என்றார். வாரிசுகள் விரும்பிச் சம்மதம் அனுப்பினால் படத்தை மீண்டும் போடலாம், விரும்பாவிட்டால் அதோடு முடிந்தது என்றும் எழுதியிருந்தார்.

அந்தப் பதிலை அச்செடுத்துக்கொண்டு கழுத்துப்பட்டித் தம்பியிடம் போனேன். தலைமைக் காரியாலயத்துக்குப் போன் பண்ணினார். பின்னேரம் பதாகை இறங்கியது. அக்கரைப்பற்றுப் பக்கம் ஒன்று இன்னும் தொங்குகிறதாம். வேறு இரண்டொரு இணையத்தளங்களிலும் படம் ஏறிவிட்டதாம். அவற்றை யார் துரத்திப் பிடிப்பது? எல்லாம் ஒரு பெட்டியில் போட்ட ஒரு ‘சரி’யால் வந்தது.

நேற்று ஜௌபர் ஸபீறாவிடம் மன்னிப்புக் கேட்க வந்தார். நானும் போயிருந்தேன். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை. தைத்துக்கொண்டே கேட்டாள்.

“குடுத்தா ஆரு வேணுமெண்டாலும் எடுக்கலாமா?”

“ஓம்.”

“விக்கிறவனும்?”

“ஓம்... அவனும்தான்.”

“பொறகு திருப்பி வாங்கலாமா?”

“ஏலா. திருப்பி வாங்க முடியாது.”

மெஷின் நின்றது. உள்ளே போய் உறையைக் கொண்டுவந்தாள். கடற்கரை ஒழுங்கை, மீன் ஏலம் போடும் இடம், அலை கொண்டுபோன பழைய மதில்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

“இதெல்லாம் போடுங்க. மாமி, அவர்ர உம்மா, அவவிட்டயும் போன்ல கேட்டுட்டன், சம்மதமாம். வேற வாரிசு இல்ல. அவர்ர பேரப் போடணும். முழுப் பேரையும்.”

ஜௌபர் கண் கலங்கிவிட்டார். எனக்கும் கோபம் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. அந்த நேரம் பார்த்து அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஹஸ்னாட அந்தப் படம்... அதையும் அவர்ர பேரோட போட்டா நல்லா இரிக்கும் ராத்தா. போடலாமா?”

ஸபீறா உறையை மூடினாள்.

“கடல் கேக்காம எடுத்திச்சு. முதல் நீங்களும் கேக்காமத்தான் எடுத்தீங்க. இப்பதான் கேக்கிறீங்க” என்றாள். “ஏலா, தம்பி.”