முழங்கால் என்று சொன்ன வலி

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் தொடங்கியது என் அவஸ்தை. கல்யாணத்துக்குச் சில நாட்களே இருந்தன. அவசரக்குடுக்கையான நான், பஸ் நிற்பதற்குள் இறங்கினேன். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். பஸ்ஸோ நகர்ந்துகொண்டிருந்தது. உள்தொடையில் சுரீரென்று இழுத்தது.

சுளுக்கு என்றதும் வீட்டில் சித்தியைக் கூப்பிட்டுவிட்டார்கள். சித்திக்கு இரட்டைப் பிள்ளைகள். எங்கள் பக்கம், இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். உள்தொடையைச் சித்தியிடம் எப்படிக் காட்டுவது? முழங்கால்தான் என்று புளுகினேன். அவர் விளக்கெண்ணெய் போட்டு நீவினார். வலி அப்படியே இருந்தது.

உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மணையில் வேறு சம்மணம் போடவேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் காலை அகட்டி அகட்டி நடப்பதைப் பெண் வீட்டார் பார்த்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் குடலிறக்கம், மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

பெண்ணின் தாய்மாமன் என்னைத் தனியே கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதீய மாப்ள. டாக்டர்ட்ட ஒரு எட்டு போய்ட்டு வந்துருவோம்."

டாக்டர் என் முழங்கால்களுக்கு நடுவே தன் கையை மடக்கி வைத்து, இரண்டு பக்கமிருந்தும் அமுக்கச் சொன்னார். அமுக்கியதும் கத்திவிட்டேன். கால்களை ஒன்றுசேர்க்கும் தசைகள் இடுப்பெலும்பின் அடியில் தொடங்கித் தொடையெலும்பில் சேர்கின்றன, மெல்லிய தசை ஒன்று மட்டும் முழங்காலையும் தாண்டிப் போய் உள்பக்கமாக ஒட்டுகிறது, இழுபட்டது அதுதான் என்றார். குடலிறக்கம் இல்லவே இல்லையாம். சித்தியிடம் சொன்ன பொய்யையும் அங்கேயே கக்கிவிட்டேன்.

"அப்ப முழங்காலுன்னது பாதி நெசந்தான்" என்று மாமா சிரித்தார்.

மறுநாள் ஒரு காலை நீட்டியபடியே தாலி கட்டினேன்.

டாக்டர் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் மாமியார் சொன்னார். நாங்கள் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், வேண்டாம் என்று தடுத்த பெண்களிடம் என் மனைவி, "இருந்தா இருந்துட்டுப் போகுது, வைத்தியம் பாத்துக்கிடலாம்" என்றாளாம். வெட்கப்பட்டு, சுளுக்கு எங்கே என்றுகூடச் சொல்ல முடியாதவன் நான். எனக்கு இல்லாத நோயையும் சேர்த்து ஏற்றுக்கொண்டவள் அவள்.