மதி, மதி என்று கத்தியவள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. இட்லி வெந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் நிரப்பியாயிற்று. பூட்ஸ் வாசலில் தயாராக இருந்தது. அதைப் போட்டுக்கொள்ள வேண்டியவள் மட்டும் போர்வைக்குள்.

"மதி... எந்திரி கண்ணு. எட்டு மணிக்கு மேட்ச்."

"நான் வரலம்மா."

"ஏன், காச்சலா?"

"இல்ல."

"காலு வலிக்குதா?"

"இல்லம்மா. இனிமே நான் வெளையாடல. போதும்."

சொல்லிவிட்டுப் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். நான் கையில் பாட்டிலோடு நின்றேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் மகள் மதியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். பன்னிரண்டு வயது. எல்லை தாண்டி, மலையாளம் பேசும் எலப்புள்ளியில் நானும் அவளும்தான். அவள் அப்பாவுக்கு ஷார்ஜாவில் வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். மதி ஃபுட்பால் ஆடுவாள். நன்றாகவே ஆடுவாள். அம்மா என்பதற்காகச் சொல்லவில்லை... சரி, அதற்காகவும்தான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை லீக் நடக்கிறது. நாலைந்து டீச்சர்கள் சேர்ந்து நடத்துவது. டீமுக்கு ஏழு பேர், பையன்களும் பெண்களும் கலந்து. ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லோருக்கும் ஒரே எலுமிச்சை ஜூஸ். மதி இரண்டு வருடமாக அதில் லெஃப்ட் விங். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

நானும் தவறியதில்லை.

ஆடப் பிடித்த பிள்ளை திடீரென்று போதும் என்றால் ஒரு தாய் என்ன செய்வாள்? எல்லாத் தப்பும் செய்வாள். நான் செய்தேன். புது பூட்ஸ் வாங்கித் தருகிறேன் என்றேன். பாதியில் விட்டால் எதிலும் உருப்பட முடியாது என்று அரை மணி நேரம் லெக்சர் அடித்தேன். போனைப் பிடுங்கி வைத்தேன். அன்று சாயங்காலமே பாவமாக இருக்கிறதென்று திருப்பிக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. 'போதும்மா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

ஷார்ஜாவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, இவ வெளையாடப் போமாட்டேங்கறா."

"வுடு அம்மிணி. புடிக்கலைன்னா வுடு. வயசாகுதில்ல, வேற எதாச்சும் புடிக்கும்."

"உங்களுக்கு ஈசியாச் சொல்லிப்புடலாங்க."

"நீ ஏன் இத்தன வெசனப்படறே? வெளையாடறது அவளா, நீயா?"

எனக்குக் கோபம் வந்தது. சரியான இடத்தில் அடித்துவிட்டார் என்பதால் வந்த கோபம் என்று இப்போது தெரிகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு நான் மட்டும் கிரவுண்டுக்குப் போனேன். கோச்சைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும். திட்டியிருப்பார். இல்லாவிட்டால் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். வேறென்ன காரணம் இருக்க முடியும்? வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனேன்.

கோச் ஷைனி டீச்சர். மலையாளி. தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பவர். என்னைப் பார்த்ததும் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தென்னை மர நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சேச்சி ஒண்ணும் விசாரிக்கல்லே..."

விசாரிக்கத்தானே வந்திருக்கிறேன் என்று ஒரு நொடி முறைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. மலையாளத்தில் விசாரிப்பது என்றால் நினைப்பது; 'தப்பாக நினைக்காதீர்கள்' என்கிறார். ஒரே சொல்தான், எல்லைக்கு இந்தப் பக்கம் வந்ததும் வேறு அர்த்தம். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு அவ்வப்போது கால் தடுக்கும்.

"சேச்சி, அந்த செமி ஃபைனல் ஓர்மை உண்டா?"

ஞாபகமில்லாமலா? ஒன்றுக்கு ஒன்று. கடைசி இரண்டு நிமிடம். மதி ஓரமாகவே பந்தைக் கொண்டுபோகிறாள். கோலுக்கு முன்னால் டீமில் புதிதாகச் சேர்ந்த அஞ்சனா, ஆளே இல்லாமல் தனியாக நிற்கிறாள். நான் கோட்டுக்கு வெளியே துள்ளிக் குதித்து, தொண்டை கிழிய, "மதி! மதி! மதி!" மதி பாஸ் கொடுத்தாள். அஞ்சனா பந்தைத் தொடவே இல்லை. அது அவளைத் தாண்டி உருண்டு வெளியே போனது. கிரவுண்டே சிரித்தது. நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல்.

"அஞ்சனா ஏன் நின்னா தெரியுமோ சேச்சிக்கு?"

"பயந்துட்டாளாக்கும்."

"இல்ல சேச்சி. 'மதி, மதி'ன்னு பெரியவங்க யாரோ விளிச்சுச் சொல்றாங்க, ஆட்டம் நிறுத்தியாச்சுன்னு விசாரிச்சு நின்னுட்டா."



இந்த ஊரில் 'மதி' என்றால் 'போதும்' என்று எனக்குத் தெரியாதா? கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி வரும்போது, இலைக்கு மேலே கையை மறித்து, "மதி, மதி" என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! ஆனால் பெற்ற பிள்ளையின் பெயர் யாருக்காவது சொல்லாகக் காதில் விழுமா? மதி எனக்கு மதிதான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அது 'போதும்' என்று கேட்டதில்லை.

மகள் கோல் போடப் போகும்போதெல்லாம் ஓரத்தில் நின்று "போதும்! போதும்!" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு வருடமாக!

அந்த மேட்சில் தோற்றார்கள். அதோடு முடியவில்லை என்றார் டீச்சர். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஸ்கூல் வேனில் ஏறினால் "மதி, மதி". டிபன் பாக்ஸைத் திறந்தால் "மதி, மதி". பிராக்டிஸில் பந்து காலுக்கு வந்தால் நாலு பேர் கையை ஆட்டிக்கொண்டு என் குரலிலேயே...

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் வாயை மூடிட்டு உக்காந்திருப்பேனே டீச்சர்?"

"வாய் மூடினாலும் இனி காரியமில்ல சேச்சி. இப்ப சேச்சியக் கண்டாலே பிள்ளைங்க துடங்கிடும். அம்மாவ ஒரு மாசம் வரவேண்டாம்னு சொல்லு, பிள்ளைங்க மறந்துபோகும்னு நான் மதிகிட்டப் பறஞ்சேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

டீச்சர் பையிலிருந்து விசிலை எடுத்தார். மறுபடி உள்ளே போட்டார்.

"'முடியாது டீச்சர். அம்மாக்குப் போறதுக்கு வேற எடமே இல்ல. ஞாயித்துக்கிழமைதான் அம்மா நல்லாச் சிரிக்கும். வராதேன்னா ஊட்ல தனியா இருக்கும். அதுக்கு நானே ஆட்டத்த நிறுத்திட்டு அம்மாகூட இருந்துக்கறேன்'னு சொன்னா."

திரும்பி வரும்போது வரப்பில் நடந்தேனா, ரோட்டில் வந்தேனா... நினைவில்லை.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வாரத்தில் ஆறு நாள் நான் பேசுவது பால்காரரிடமும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடமும்தான். மீதி நேரம் கம்ப்யூட்டர். ஷார்ஜாக்காரர் போனில் 'சாப்ட்டியா?' என்பார். நான் 'சாப்ட்டனுங்க' என்பேன். உங்களிடம் வாராவாரம் இத்தனை வாயாடுகிறேனே, வீட்டில் ஆள் இருந்தால் இவ்வளவு பேசுவேனா? ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டோரம் நின்று கத்துகிற ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு ஊர், உறவு, திருவிழா எல்லாம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் நிச்சயமாகச் சொன்னதில்லை. எப்படியோ கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். கண்டுபிடித்து, எனக்காகத் தன் ஆட்டத்தை விட்டிருக்கிறாள்.

பிள்ளைகள் ஏன் பாதியில் ஆட்டத்தை விடுகிறார்கள் என்று பேச்சு வந்தால் செல்போன், டியூஷன் என்று நாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் கோட்டுக்கு வெளியே நிற்கிற நம்மை யாராவது சேர்த்திருக்கிறோமா? ஆடுவது அவர்கள். நம்முடைய வெறுமையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு அந்தச் சின்னக் கால்கள் எவ்வளவு தூரம்தான் ஓடும்?

அன்று மத்தியானம் சோறு போடும்போது ஒரு பொய் சொன்னேன்.

"மதி, பத்திரிகை ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. இனிமே ஞாயித்துக்கிழமை காலைலயே எழுதி அனுப்போணுமாம். நான் கிரவுண்டுக்கெல்லாம் வர முடியாது கண்ணு."

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நெசமாலுமா?"

"ஆமா. வேலைன்னா வேலைதானே."

"அப்ப நீ தனியா என்ன பண்ணுவ?"

"எழுதுவேன். நீ ஊட்ல இருந்து தொணதொணத்தா எனக்கு எழுத்து ஓடாது. ஷைனி டீச்சர் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறாங்களாம். போறியா?"

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தாள். அப்புறம் எழுந்து போய், கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த பூட்ஸை எடுத்து வந்து வாசலில் வைத்தாள். கையைக்கூடக் கழுவவில்லை.

இந்த ரகசியம் உங்களோடு இருக்கட்டும். என் மகள் படிப்பது மலையாள மீடியம். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்க எழுத்துக் கூட்டுவாள். அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன். புதன்கிழமை வரவேண்டிய பத்தி ஞாயிற்றுக்கிழமையே வந்து நிற்பதைப் பார்த்து ஆசிரியர் வேறு எனக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்திருப்பார்.

ஒன்றும் ஆகவில்லை. காலை ஏழரைக்கு டீச்சரின் ஸ்கூட்டர் வந்தது. மதி ஏறிக்கொண்டாள். ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நான் அவசரமாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். போய்விட்டாள். வீடு இவ்வளவு பெரியது என்று எனக்கு இதுவரை தெரியாது. இரண்டு முறை டீ போட்டேன். இரண்டும் ஆறிப்போயின. பழக்க தோஷத்தில் எட்டு மணிக்குச் செருப்பை மாட்டி வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.

கிரவுண்டு இங்கிருந்து நாலு வயல் தள்ளி. காற்று இந்தப் பக்கம் அடித்தால் விசில் கேட்கும். இப்போது அடிக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எதற்கோ கத்துகிறார்கள்... மதி, மதி என்று. பெயரைச் சொல்கிறார்களா, கேலி செய்கிறார்களா, ஆட்டம் முடிந்துவிட்டதா? இங்கிருந்து தெரியவில்லை.

கூட்டத்துக்கு நடுவில் அவள் இருக்கிறாள். எனக்கு அது மதி.