கைப்பையை வெட்டிச் செய்த பலகை

நான் வேலைக்கு விண்ணப்பித்திருந்த பெங்களூரு கம்பெனி கேட்டது ஒரே ஒரு கேஸ் ஸ்டடி. சிக்கல் என்ன, யாருக்கு, நான் என்ன செய்தேன், என்ன விளைந்தது. படங்களோடு, திங்கள் காலைக்குள். பாடங்களை வடிவமைக்கும் வேலை அது. இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர் என்று பெயர். நாற்பத்தாறு வயதில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தேன். புதுச் செருப்பு போலக் கடித்தது, கழற்றவும் மனமில்லை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பயிற்சி அறைதான் என் இடம். ஜன்னல் கிடையாது, ரயில் சத்தம் மட்டும் வரும். காட்பாடி தாண்டி வரும் வண்டிகளில் பல எங்கள் ஊரில் நிற்காமல் பெங்களூரு போகும். உட்கார்ந்த நாற்காலியிலிருந்தே அத்தனையிலும் ஏறியிருக்கிறேன்.

காட்டுவதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. ஃபோல்டிங் பலகை. ஷூவின் மேல்தோலை ஓரம் சீவி, பசை தடவி, உள்பக்கம் மடித்துத் தட்டுவதுதான் ஃபோல்டிங். நேரான ஓரத்தை யாரும் மடித்துவிடலாம். வளைவில்தான் தோல் சுருங்கி முரண்டு பிடிக்கும். புதிதாக வரும் பெண்களில் சிலர் தமிழ் படிப்பார்கள், சிலர் உருது, சிலருக்கு எழுத்தே ஆகாது. அதனால் மடிக்கிறவர்களிடம் சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் பாதியில் நிறுத்தி வாங்கிய ஆறு தோல்துண்டுகளைப் பலகையில் ஒட்டினேன். கட்டைவிரலால் தடவித் தடவிப் படிக்கிற பாடம். மூன்று வாரம் பிடித்த வேலை பத்து நாளில் கைக்கு வந்தது. எனக்குக் கால் தரையில் படவில்லை.

படம்தான் இல்லை. காலையில் கேட்டிலேயே போனை வாங்கி, மர அலமாரியில் நம்பர் போட்ட பொந்தில் வைத்துவிடுவார்கள். ஒரு தோல்துண்டுகூட வெளியே வராது. அதனால் ஞாயிறு மதியம், என் பழைய கைப்பையை வெட்டிப் பலகையை மறுபடி செய்ய உட்கார்ந்தேன். வளைவு மட்டும் வரவில்லை. சொல்லிக்கொடுக்கத் தெரியும், மடிக்கத் தெரியாது. இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் காத்த விஷயம்.

எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பலகையில் கற்று உற்பத்தி லைனுக்குப் போனவள். கம்பெனியில் என்னை மேடம் என்பாள், தெருவில் அக்கா.

"இன்னாக்கா, நல்ல பைய வெட்டி வெச்சிக்கினு? பைத்தியம் புடிச்சிதா?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "இவ்ளோ நாள் எங்கள திட்டினியே, ஒனக்கே வராதா?" சுத்தியல் இல்லை. இஞ்சி நசுக்கும் கல்லை எடுத்துக்கொண்டாள். வளைவில் நகத்தால் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உள்ளே தள்ளித் தட்டினாள். பேசாமல் படிந்தது. விரல்களோடு சேர்த்துப் படமெடுத்தேன்.

"எழுதினத படி, கேக்கறேன்."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். கடைசியில் விளைவு: கற்கும் காலம் பாதியாகக் குறைந்தது.

"ஆமா, கொறஞ்சிது." கல்லைக் கீழே வைத்தாள். "எங்க அக்கா சேந்தப்ப மூணு வாரம் குடுத்தாங்க. டார்கெட் கெடையாது. தண்ணி குடிக்க எழுந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான். நீ ஜல்தியா கத்துக் குடுத்துட்ட, பத்தாம் நாளே என்னத் தூக்கி லைன்ல போட்டாங்க. அத எங்க எழுதன?"

"அதெல்லாம் எழுத மாட்டாங்கடி."

"மாட்டாங்களா? நீ மாட்டியா?"

அவள் போன பிறகு ஒரு வரி சேர்த்தேன்: மிச்சமான நாட்கள் கற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை, உற்பத்திக்குப் போயின. ஆன்லைனில் எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவருக்கு அனுப்பினேன். என் வயதில் பாதி இருப்பார். உடனே குரல் பதிவு வந்தது. "மேம், சூப்பரா இருக்கு. அந்தக் கடைசி லைன் மட்டும் எடுத்துடுங்க. நெகட்டிவா படுது."

திரையில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தேன். நீலமாக நின்றது. அழிக்க ஒரு தட்டு போதும். அதற்கு மேலே படத்தில் அவள் கட்டைவிரல், நகத்தோரம் பசை. எதிர்வீட்டு வாசலில் அவள் திங்கட்கிழமைக்குக் கம்பெனி யூனிஃபார்ம் கோட்டை அலசிக்கொண்டிருந்தாள். வரியை எடுத்தால் படத்தையும் எடுக்க வேண்டும் என்று பட்டது. படத்தை எடுத்தால் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. தைரியம் என்று சொல்லமாட்டேன், வேறு வழி தெரியவில்லை. அப்படியே அனுப்பினேன்.

காலையில் போனைக் கேட்டில் கொடுத்தேன். பொந்துக்குள் நாள் முழுக்க அடித்தாலும் எனக்குக் கேட்காது. அனுப்பி இரண்டு வாரமாகிறது. சாயங்காலம் போன் வாங்கும் வரிசையில் அவள் பின்னாலிருந்து முதுகில் இடிக்கிறாள்.

"இன்னாக்கா, வந்துச்சா?"

"இல்லடி."

"நாளைக்கு புதுசா நாலு பேர் வர்றாங்களாம்." குரலைத் தாழ்த்துகிறாள். "மெதுவாவே சொல்லிக் குடு."