கன்னத்தோரம் இருந்த இடைவெளி

பத்தாவது முடித்த கையோடு, தண்ணீருக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஏறியவன் நான். பன்னிரண்டு வருஷம் ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று சுற்றினேன். ஒரு ஊரில் மூன்று வாரத்துக்கு மேல் நின்றதில்லை. அப்புறம் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவது எழுதி, சேலத்துப் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன்.

வானம் தெளிவாக இருந்தால் ஓட்டுவேன். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதுதான் வரவில்லை. அதற்கு நெற்றியில் ஹூட் என்று ஒன்றை மாட்டிவிடுவார்கள். குதிரைக்குக் கண்பட்டை மாதிரி. வெளியே எதுவும் தெரியாது. எதிரே ஆறு வட்டங்கள் மட்டும். சாய்வு, உயரம், வேகம், திசை என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உடம்பு என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது.

எனக்கு உடம்பு சொல்வதைக் கேட்டுத்தான் பழக்கம். ரிக்கில் கம்பி கீழே இறங்கும்போது கைப்பிடியில் ஓர் அதிர்வு வரும். மண்ணா, பாறையா, பாறையில் வெடிப்பா என்று கைக்குத் தெரிந்துவிடும். வண்டி ஓட்டும்போது பாரம் எந்தப் பக்கம் சரிகிறது என்று உட்கார்ந்த இடத்துக்குத் தெரியும். விமானத்திலும் அப்படியே உட்கார்ந்தேன். ஹூட் போட்ட ஐந்தாவது நிமிஷம் விமானம் எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

கருவிச் சோதனையில் ஒருமுறை தோற்றேன். இரண்டாவதும் போனால் ரிக்குக்கே திரும்புவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அப்பா போனில், "வண்டி எங்கயும் போயிராது சாமி, வந்து ஏறிக்க" என்பார். ஆறுதலாகத்தான் சொல்வார். எனக்குத் தூக்கம் போய்விடும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆத்தூர்க்காரப் பெண். என்னைவிட ஏழு வயது சின்னவர். நான் மேடம் என்பேன். அவர் வலது பக்கம் உட்காருவார். ஒருநாள் ஹூட்டுக்கும் என் இடது கன்னத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இடைவெளி இருப்பதைக் கண்டுபிடித்தேன். கண்ணைத் தாழ்த்தினால் போதும், தரை தெரியும். அங்கிருந்து அவருக்கு என் கண் தெரியாது.

கீழே இருந்தது நான் அறிந்த பூமி. போர் போட்ட தோட்டங்காடுகளில் பாறை மாவு வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். அதை வைத்தே புதுச்சத்திரமா, ஆட்டையாம்பட்டியா என்று சொல்லிவிடுவேன். அந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்த்துப் பார்த்து விமானத்தை நேராகப் பிடித்தேன்.

"திடீர்னு எப்படிங்க இவ்வளவு நல்லா வருது?" என்று கேட்டார் மேடம்.

"பழகிருச்சுங்க மேடம்."

அப்படி ஓட்டிய இருபது மணி நேரத்துக்கு அவர் என் லாக் புக்கில் கையெழுத்துப் போட்டார்.

சோதனைக்கு ஒரு வாரம் இருந்தது. நாமக்கல் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மழைமேகம் நாங்கள் நினைத்ததைவிட வேகமாக வந்து வழியை மூடியது. நான் ஹூட்டைக் கழற்றினேன். கழற்றியும் பயனில்லை. ஜன்னல் முழுக்கச் சாம்பல்.

"நாலு நிமிஷந்தான். உயரத்தயும் திசையயும் பிடிச்சிட்டு நேரா போங்க. நீங்கதான் நல்லா ஓட்டறீங்களே. நான் ரேடியோவப் பாக்கறேன்" என்றார்.

என் கண் பழக்கத்தில் இடது பக்கம் தாழ்ந்தது. அங்கே தரை இல்லை. அந்த நிமிஷமே விமானம் வலது பக்கம் சாய்வதாக உடம்பு சொன்னது. கருவி நேராகக் காட்டியது. நான் கருவியை நம்பவில்லை. இடது பக்கம் திருப்பினேன். இன்னும் சாய்வது போலவே இருந்தது. இன்னும் திருப்பினேன். காற்றின் இரைச்சல் ஏறியது. உயரம் காட்டும் முள் பின்னோக்கிச் சுற்றியது.

"விடுங்க! கைய விடுங்க!"

நான் விடவில்லை. ரிக்கில் கம்பி சிக்கினால் கைப்பிடியை விடவே கூடாது. விட்டால் ஆள் போய்விடும். பன்னிரண்டு வருஷம் அதைத்தான் கை கற்றிருந்தது. மேடம் என் மணிக்கட்டில் அடித்தார். மறுபடி அடித்தார். மூன்றாவது அடியில் முழங்கையால் என் முகத்தில் இடித்தபோதுதான் விட்டேன். அந்த இழுபறியில் அவர் உதடும் எங்கோ மோதிக் கிழிந்திருந்தது.

மேகத்துக்குக் கீழே வந்தபோது ஒரு கோழிப்பண்ணையின் கூரை ஜன்னலை நிறைத்திருந்தது. அதன் ஓரத்தில் நின்ற ஆள் அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. மேடம் விமானத்தை நிமிர்த்தி மேலே இழுத்தபோது எங்களுக்கும் தரைக்கும் இடையே ஐந்நூறு அடிகூட இல்லை. நான் அதைவிட ஆழமாகப் போர் போட்டிருக்கிறேன்.

இறங்கி நின்றதும் பெட்ரோல் போடுகிறவர் வழக்கம்போல வந்தார். தினமும் ஒரே கேலிதான். "ஏனுங்க, இன்னிக்கு எத்தன அடியில தண்ணி..." என்று ஆரம்பித்தவர், மேடத்தின் உதட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மேடம் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டே கேட்டார். "ஹூட் போட்டு அவ்வளவு நல்லா ஓட்டினீங்களே. அது எப்படி?"

சொன்னேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை.

என் லாக் புக்கை வாங்கிப் புரட்டினார். பிறகு, "அத்தனையிலயும் என் கையெழுத்து இருக்கு" என்றார். தலைமைப் பயிற்சியாளரின் அறைக்கு அவரே முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

என் இருபது மணி நேரத்தைச் சிவப்பு மையில் அடித்தார்கள். சோதனை தள்ளிப்போனது. மேடம் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவைத்தார்கள். மாணவனின் கண் எங்கே போகிறது என்று பார்க்கத் தவறியது அவர் குற்றம் என்றார்கள். நான் எதிர்த்துப் பேசினேன். உன் வேலையைப் பார் என்றார்கள். அடுத்த வாரம் அவர் ஊருக்குப் போய்விட்டார்.

புதிதாக வந்த பயிற்சியாளர் ஹூட்டின் ஓரத்தில் அட்டை வெட்டிக் கறுப்பு டேப் ஒட்டினார். என் விரல்களுக்கு நடுவே ஒரு பென்சிலைக் கோத்துவிட்டார். இறுக்கிப் பிடித்தால் எலும்பில் குத்தும். அந்த இருபது மணி நேரத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். விரல்களின் பக்கவாட்டில் காய்ப்பு வந்தது. உடம்பு பொய் சொல்வதை நிறுத்தவே இல்லை. சாய்கிறோம், சாய்கிறோம் என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கை மட்டும் மெல்ல மெல்ல அசையாமல் இருக்கப் பழகியது.

இரண்டாவது சோதனையில் தேறினேன். ஓடுபாதை ஓரத்தில் நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். எடுத்தார்.

"பாஸ் ஆயிட்டனுங்க மேடம்."

"சரிங்க." பின்னால் ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டது. "வெளிய பாத்தீங்களா?"

"இல்லீங்க மேடம். சத்தியமா இல்லீங்க."

"பழகிருச்சுன்னு முன்னாடியும் இதே குரல்லதாங்க சொன்னீங்க" என்றார். வைத்துவிட்டார்.