நைலான் இழை

அன்று அந்த ஆராய்ச்சிக்கூட அறையில் இருந்தவர்கள் மேடம், நான், கம்பிவலைத் தரை போட்ட பெட்டிகளில் பன்னிரண்டு எலிகள். வேறு யாருமில்லை. மேடத்தின் கையில் பேனா போன்ற பிடியில் சொருகிய நைலான் இழை. வலைக்கு அடியிலிருந்து சோதனைக்காக வீங்கவைத்த எலியின் உள்ளங்காலை அதால் தொடுவார். வலித்தால் எலி காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இழுத்ததா இல்லையா என்று நோட்டில் குறிப்பது என் வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டு, ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி எலிக்கூண்டு கழுவப் போனவள் நான். கேஸ் அடுப்பை மூடினேனா, கூண்டில் தண்ணீர் வைத்தேனா என்று நாளெல்லாம் பதறுகிறவள், நோட்டில் ஒவ்வொரு குறியையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன்.

மேடம் ஓசூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒருநாள் விளக்கினார்: "நரம்பு நுனியில குட்டிக் குட்டிக் கதவு இருக்குதுக்கா. கால்ல போடுற இந்த மருந்து அதத் தொறந்துவிடும். உள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய போனா நரம்பு அடங்கிடும். வலி கால்லயே நின்னுடும், மூளைக்குப் போகாது."

"அப்ப வாழப்பழம் தின்னா போதாதா மேடம்? அதுலதான் பொட்டாசியம்னு டிவில சொல்றாங்க."

"தின்னுங்க, பசி அடங்கும்" என்று சிரித்தார். பிறகு, "மரத்துப்போறது வேற, வலி அடங்குறது வேறக்கா. தொட்டா தெரியணும், வலி மட்டும் இருக்கக்கூடாது" என்றார்.

பாதி எலிகளுக்கு மருந்து, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் எலிகள் காலை இழுக்க வேண்டும். மூன்று வாரமாக அவையும் இழுக்கவில்லை. மேடத்தின் உதவித்தொகை முடிய இரண்டே மாதம் இருந்தது. அவர் சாப்பிடாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கூண்டு தேய்த்து விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது என்று அந்த மூன்று வாரமாகத்தான் காலையில் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். கையுறை போட்டால் எலி மிரளும் என்று வெறுங்கையால்தான் தூக்குவேன். கடுமையான வாசனைக்கு எலி பயந்துபோனால் வலிகூடத் தெரியாது என்று மேடமே சொல்லியிருந்தார். அவர் சென்ட் போடாததும் அதனால்தான்.

வேலை போய்விடுமே என்று வாயைத் திறக்காமல் தைலத்தை மட்டும் நிறுத்தினேன். நான்கு நாள் கழித்து, அந்தப் பன்னிரண்டில் உப்புத் தண்ணீர் போட்ட ஆறும் வெடுக் வெடுக்கென்று இழுத்தன. "வந்துடுச்சு பாருங்கக்கா!" என்று மேடம் என் தோளைத் தட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோதுதான் தைலத்தைப் பற்றிச் சொன்னேன். அழுகை வரவில்லை. யாரோ பேசுவதுபோல என் குரல் எனக்கே கேட்டது.

"எத்தனை நாளாக்கா?"

"மூணு வாரம் மேடம்."

இழையை அதன் உறையில் வைத்தார். நோட்டை வாங்கி, மூன்று வாரப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடிட்டு அடித்தார். ஆபீசில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் புதிதாக எதையும் முடிக்க முடியாமல் ஊருக்குப் போனார். அந்த மருந்து கதவைத் திறந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது எனக்குச் சர்க்கரை. போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்ததும் அதே மாதிரி இழைதான். "கண்ண மூடிக்கோங்கம்மா, கால்ல தொடும்போது சொல்லுங்க" என்றார். தெரியுது, தெரியுது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொல்லவில்லை. கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெகுநேரமானதுபோல இருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலியா டாக்டர்?"

"ரெண்டு காலும் முடிச்சிட்டேம்மா" என்றார்.