தம்பி வீட்டுக் கதவில் ஒட்டிய அறிவிப்பு

உடம்பில் எதுவும் அசையவில்லை. கண் இமைகூட. காது மட்டும் கேட்டது.

சென்ற ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த அடுத்த வாரம், மதுரையில் ஒரு மருத்துவமனை. குடலிறக்கம் சிக்கிக்கொண்டதால் அவசர ஆபரேஷன். அது நல்லபடியாக முடிந்துவிட்டதென்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஆனால் எனக்கு மூச்சு வரவில்லை. தொண்டையில் குழாய் இருந்தது. எனக்காக ஓர் இயந்திரம் மூச்சு விட்டது.

"இவரு ஏன் இன்னும் மூச்சு எடுக்கல?" என்றது ஒரு குரல்.

நான் விழித்திருக்கிறேன் என்று சொல்ல ஒரு விரலாவது அசைய வேண்டும். அசையவில்லை. மனத்துக்குள் கலிமா சொன்னேன். பிறகு என் ஜனாஸா அடக்கத்துக்கு யார் யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். மனைவி மௌத்தாகி நான்கு வருடம். மகன் கனடாவில், போனில் பார்ப்பான். தம்பி வரமாட்டான். கணக்கு சீக்கிரம் முடிந்துவிட்டது.

என் நாடித்துடிப்பு எகிறுவதைப் பார்த்த மயக்க மருந்து டாக்டரம்மாதான் காதருகே குனிந்தார். "ஐயா, முழிச்சிருக்கீங்கன்னு நெனைக்கிறேன். பயப்படாதீங்க. மருந்து இறங்க நேரமாகுது, அவ்வளவுதான். தூங்க வைக்கிறேன்." அல்ஹம்துலில்லாஹ். ஐந்து மணி நேரம் கழித்து என் மூச்சு எனக்குத் திரும்பி வந்தது.

ஆனால் ஏற்கப்பட்ட துஆ என்று நான் சொல்ல வந்த பிரார்த்தனை இது அல்ல.

இரண்டு நாள் கழித்து, ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டரம்மா வந்தார். துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் குறித்துக்கொள்ளாமல் கேட்கத் தெரியாது. நோட்டை எடுத்தேன்.

"குழாய் போடுறதுக்காகத் தசையைத் தளர்த்த ஒரு ஊசி போடுவோம். மத்தவங்களுக்கு அது பத்து நிமிஷத்துல தானா முறிஞ்சிடும். அதை முறிக்கிற நொதி உங்க ரத்தத்துல ரொம்பக் கம்மி. ஜீன்ல ஒரு சின்ன மாற்றம். பிறவியிலயே இருக்கு."

"அறுபத்தாறு வருஷமா எனக்கே தெரியாமயா?"

"அந்த ஊசி போடாத வரைக்கும் தெரியவே தெரியாது. உங்க அப்பா அம்மா சொந்தமா?"

"மாமன் மகன், அத்தை மகள்."

"அந்த மாதிரிக் குடும்பத்துல ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒரே மாற்றம் வந்து சேர வாய்ப்பு அதிகம். கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

"அவருக்கும் இருக்கலாம். மறக்காமச் சொல்லிடுங்க."

மறக்கவில்லை. சொல்லத்தான் வழி இல்லை. தம்பி ஜாபர் என்னோடு பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் தகப்பனார், அத்தாவுக்கு அப்போது குடல்வால் ஆபரேஷன். எங்கள் ஊர் போடியிலேயே செய்தால் போதும் என்று முடிவு செய்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். மதுரைக்குப் போகலாம் என்றான் ஜாபர். ஆபரேஷனுக்குப் பிறகு அத்தாவுக்கு மூச்சு திரும்பவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு நாங்கள் வாதாடினோம். டாக்டர் எழுதித் தராமல் நகர்த்தக் கூடாது என்றேன் நான். கடைசியில் மதுரைக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸ் உசிலம்பட்டி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்து மையவாடியில் வைத்து, "நீ போட்ட கையெழுத்துதான் அத்தாவ அனுப்பி வச்சது" என்றான். அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அத்தாவுக்கும் இதே கோளாறா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இருக்கலாம், இனி நிரூபிக்க முடியாது என்றார்.

ஊருக்கு வந்ததும் தம்பிக்குக் கடிதம் எழுதினேன். 'பொருள்: மரபணு மாற்றம் – தகவல் தெரிவித்தல் – தொடர்பாக.' இணைப்பு: பரிசோதனை அறிக்கை நகல் ஒன்று. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. என் போன் எண்ணை அவன் எப்போதோ தடுத்து வைத்துவிட்டான். என் கடமை முடிந்தது என்று இரண்டு உறைகளையும் கோப்பில் கட்டி வைத்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்: அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சில மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் அறிவித்தார். "நம்ம ஜாபர் பாய்க்குத் திங்கக்கிழமை பித்தப்பையில ஆபரேஷன். எல்லாரும் துஆ செய்ங்க."

எல்லோரும் ஆமீன் என்றார்கள். நானும் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஹஜ்ரத்திடம் சொல்லிப் போன் செய்யச் சொன்னேன். செய்தார். என் பெயரை எடுத்ததுமே, "அவரு பேச்ச மட்டும் எடுக்காதீங்க ஹஜ்ரத்" என்று ஜாபர் வைத்துவிட்டான். எந்த மருத்துவமனை என்றுகூடச் சொல்லவில்லை.

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உறவை முறித்தவனின் துஆ இறைவனிடம் ஏறாது என்று ஹஜ்ரத்தின் பயானில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது ஜாபரைப் பற்றியது என்றே நினைத்திருந்தேன். அன்றுதான் கையேந்த வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஏந்தினேன். "யா அல்லாஹ், அவன் என்னோடு பேச வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் அவன் காதில் போடு."

சனிக்கிழமை காலை ஒரு வழி தோன்றியது. அதுவும் அலுவலக வழிதான். வேறு எது எனக்குத் தோன்றும்? அறிவிப்பை ஒருவர் வாங்க மறுத்தால், அவர் வீட்டு வாசலில் படித்துக் காட்டிவிட்டுக் கதவில் ஒட்ட வேண்டும். பசை காய்ச்சி டப்பாவில் எடுத்துக்கொண்டு ஜீப் பிடித்தேன்.

மலையில் குரங்கணிக்கு மேலே, ஜீப் போகிற கடைசி வளைவில் அவன் வீடு. சுற்றிலும் ஏலக்காய்ச் செடி. டிரைவர் என் கையைப் பார்த்தார்.

"என்ன சார், ஜப்தி நோட்டீசா?"

"தம்பி வீட்டுக்கு."

"சொந்தத் தம்பிக்கேவா? ரிட்டயர் ஆகியும் சோலி விடலயா சார் ஒங்கள?"

ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை. காகிதத்தை ஒட்டினேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது, மேல் ஓரம் அப்போதே பிரிந்து தொங்கியது. சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். "இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில்..."

"ஒன் சோலியப் பாத்துட்டுக் கெளம்பு" என்றது உள்ளிருந்து ஒரு குரல். பதினொரு வருடத்தில் குரல் தடித்திருந்தது.

மூன்றாவது வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. காகிதத்தை விட்டுவிட்டு, மூடிய கதவைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஜாபரு, அந்த ஊசி போட்டா மூச்சு நின்னுரும்டா. ஒடம்பு கட்டையாட்டம் கெடக்கும். ஆனா முழிப்பு இருக்கும். பேசுறதெல்லாம் கேக்கும். நான் கெடந்தேன். அன்னைக்கு நான் தேடுனது ஒன்னையத்தான்."

டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஜீப்பை நோக்கித் திரும்பியபோது உள்ளிருந்து ஜாபரின் குரல் வந்தது.

"அந்த மருந்துக்குப் பேரென்ன?"

சொன்னேன்.

"இப்பிடிச் சொன்னா வெளங்குமா? எழுதிக் கதவுக்கு அடியில தள்ளு."

சக்சமெத்தோனியம் என்று இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதி, நொதியின் பெயரையும் போட்டு உள்ளே தள்ளினேன். காகிதம் பாதி போய் நின்றது. பிறகு யாரோ உள்ளிருந்து இழுத்துக்கொண்டார்கள். என் துஆ ஏற்கப்பட்ட இடம் அதுதான். மின்னலும் இல்லை, ஒளியும் இல்லை. ஒரு துண்டுக் காகிதம் உள்ளே போனது.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடக்கவில்லை. ரத்தத்தைச் சோதித்தார்கள். அவனுக்கும் நொதி குறைவு. இரண்டு வாரம் கழித்து, அந்த மருந்தைத் தொடாமல் செய்தார்கள். அன்று பிற்பகல் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. "முழிச்சிட்டேன்" என்றான். வைத்துவிட்டான்.

நாங்கள் கட்டிப்பிடித்து அழுததாக நினைத்துவிடாதீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மலையிலிருந்து இறங்கி வந்து, என் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறான். அதிகம் பேச மாட்டான். ஒரு நாள் மட்டும் டம்ளரைப் பார்த்தபடி கேட்டான். "அண்ணே, அன்னைக்கு நம்ம போட்ட சண்ட அத்தாவுக்குக் கேட்டிருக்குமா?"

நான் கையேந்தினேன். இருவருமாக அத்தாவுக்கு துஆ செய்தோம். மற்ற ஆறு நாளும் வீடு பழையபடி வெறிச்சோடித்தான் கிடக்கிறது. ஆனால் வியாழக்கிழமை மாலையே பால் வாங்கி வைக்கிற ஒரு சோலி எனக்கு வந்திருக்கிறது. அதற்கே என் இறைவனுக்கு நன்றி சொல்லி முடியவில்லை.

சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் மயக்க மருந்துக்குப் பின் மூச்சு வரத் தாமதமானவர் யாரேனும் இருந்திருக்கலாம். உறவுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்த குடும்பமாகவும் இருக்கலாம். பெரியவர்களிடம் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். பேசாமல் விட்ட உறவு யாராவது இருந்தால், அவருக்காக இன்றே கையேந்துங்கள். ஏறுமா ஏறாதா என்று யோசித்து நிற்க வேண்டாம். என்னைப் போன்றவனின் துஆவையே அல்லாஹ் தள்ளிவிடவில்லை.